நல்ல பயிர் ஐயாவுது, பூச்சி எங்களுது

முழங்கால் வரைக்கும் சேறு. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வரப்பின் மேல் நின்ற தாசில்தார் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையிலிருந்து சேறு வழிந்து அவருடைய செருப்பில் சொட்டியது. ஆரம்பமே அப்படி.

அந்த அம்மா செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாதி நட்டு முடித்திருந்த கழனியைப் பார்த்தார். பக்கத்தில் வி.ஏ.ஓ. தம்பி ஒரு தடிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனா மூடியைப் பல்லால் கடித்தபடி நின்றார்.

“சொல்லுங்க. இது யாரு பயிர்?”

இந்த ஒரு கேள்வியை யாராவது வந்து கேட்க வேண்டும் என்றுதான் மூன்று மாதமாகத் தாலுகா ஆபீசுக்கு நடந்துகொண்டிருந்தேன். மனு கொடுத்தது நான். மனு காணாமல் போய், மறுபடி கொடுத்ததும் நான். பதில் இரண்டே சொல். ‘என் பயிர்.’

“ஐயாவுதுங்க” என்றேன்.

சத்தமாக, தெளிவாக, ஒரு எழுத்துகூட உதிராமல் சொன்னேன். பின்னால் நாற்று நட்டுக்கொண்டிருந்த என் பெண்டாட்டி பிலோமினா நிமிர்ந்தது எனக்குத் தெரியாது. ஒரு நாற்று முடி, வேரில் இருந்த சேற்றோடு பறந்து வந்து நடு முதுகில் சொத்தென்று விழுந்தபோதுதான் தெரிந்தது.

“இந்த வாயை வச்சிகினு கோயில்ல சாமியார் கேட்டப்போ ‘சம்மதம்’னு எப்படிய்யா சொன்னே? அப்பவும் ‘ஐயாவுக்கு சம்மதம்’னு சொல்லியிருக்க வேண்டியதுதானே!”

தாசில்தார் அம்மா சிரிக்கவில்லை.

“மனு குடுத்தது நீங்கதானே?”

“ஆமாங்க.”

“குத்தகைக்குப் பயிர் வைக்கிறேன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமாங்க.”

“அப்ப யாரு பயிர்?”

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். “ஐயா பயிரை நான் வைக்கிறேங்க” என்றேன்.

“நீங்க சொன்னதைத்தான் நான் எழுத முடியும்” என்றார் அந்த அம்மா. “பயிர் வளரட்டும். இன்னொரு தடவை வர்றேன். நிலத்துக்காரரையும் வரச் சொல்றேன். அன்னைக்கும் இதையே சொன்னீங்கன்னா மனுவை மூடிடுவேன்.”

ஜீப் போன பிறகும் முதுகில் ஒட்டியிருந்த நாற்றை நான் எடுக்கவில்லை. எடுத்தால் அதை எங்கே நடுவது? அது ஐயா நாற்று இல்லையா?

ஒரு போன் போதும்

ஐயா என்று நான் சொன்னது, சொல்லும்போது உயிரோடு இல்லாத ஒருவரை. எங்களுக்குக் குத்தகைக்கு நிலம் விட்டவர், மாம்பலத்தில் இருந்த பெரிய ஐயா. அவர் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய மகன் சின்ன ஐயா, ஒன்றே முக்கால் ஏக்கரையும் குடோன் கட்டுகிற ஒருவருக்கு விற்கப் பேசிக்கொண்டிருந்தார்.

ஒரகடத்தில் கம்பெனிகள் காம்பவுண்டு எழுப்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் பக்கம் நெல்லைவிடச் சுவர் வேகமாக வளர்ந்தது. காலையில் மாடு மேய்க்கப் போனவன் சாயங்காலம் திரும்பினால் வழியில் ஒரு கேட் இருக்கும், கேட்டில் ஒரு வாட்ச்மேன் இருப்பான், அவன் மாட்டிடம் பாஸ் கேட்பான்.

குத்தகைக்காரன் என்று சர்க்கார் பதிவேட்டில் என் பேர் ஏறிவிட்டால், நிலம் யார் கைக்கு மாறினாலும் விசாரணை இல்லாமல் என்னை வரப்பைவிட்டு இறக்க முடியாது. ஏறாவிட்டால் நான் கூலி ஆள். ‘நாளையிலிருந்து வராதே’ என்று ஒரு போன் போதும். இதை எனக்குச் சொன்னது எங்கள் பங்குச் சாமியார். ஞாயிறு பூசை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அந்தோணி, சாட்சி கீட்சி எல்லாம் அப்புறம். முதல்ல நீ போய் உன் பேரைச் சொல்லு” என்றார்.

அதுதான் எனக்கு வராது என்று அவருக்குத் தெரியாது. காணாமல் போனதை எல்லாம் கண்டுபிடித்துத் தருகிற அந்தோணியார் பேரை எனக்கு வைத்தார் என் நைனா. நான் ஒரே வார்த்தையில் ஒன்றே முக்கால் ஏக்கரைக் காணாமல் அடிக்கப் பார்த்தேன்.

தாத்தாவை மேலே தூக்குகிறேன்

இந்தப் பத்திரிகையில் போன வாரம் சொன்ன கதையில் என் தாத்தா சவரிமுத்துவைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு, அப்படியே முடித்துவிட்டேன். மனுஷன் ஏழு நாளாக உள்ளேயே இருக்கிறார். முதலில் அவரை மேலே தூக்கிவிடுகிறேன்.

அவரும் அவர் தம்பியும் கடப்பாரையும் கூடையும் வைத்துக்கொண்டு மூன்று கோடை வெட்டிய கிணறு அது. அடியில் பாறை. மூன்றாவது கோடையில் பாறை இடுக்கில் தண்ணீர் கசிந்தபோது தாத்தா அதை நாக்கால் நக்கிப் பார்த்தாராம். இரும்பு வாசனை அடித்ததாம்.

பெரிய ஐயாவின் அப்பா கார் வைத்துக்கொண்டு பார்க்க வந்தார். ஒரு கை அள்ளிக் குடித்தார். “தண்ணி நல்லா இருக்குடா சவரி” என்றார்.

“உங்க கிணறுங்க ஐயா” என்றார் என் தாத்தா, கை முழுக்கக் கொப்புளத்தோடு.

அன்றிலிருந்து அதற்கு ‘ஐயா கிணறு’ என்று பேர். அந்தக் கிணற்றுக்கு ஐயா கொடுத்தது ஒன்றும் கிடையாது. எடுத்ததுதான் ஒரு கை தண்ணீர்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். ஒண்ணாங்கிளாஸ் வாசல் வரைக்கும் போனவன் நான். அதற்குள் எங்கள் வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்துவிட்டது. நான் ‘வூடு’ என்றால் அவள் ‘வீடு’ என்று எழுதுகிறாள். கேட்டால், “பத்திரிகைக்குப் போவுது நைனா, குளிப்பாட்டித்தான் அனுப்பணும்” என்கிறாள். பேசுகிறவர்கள் பேச்சை மட்டும் குளிப்பாட்டாமல் விடு என்று கெஞ்சி வைத்திருக்கிறேன்.

நைனாவின் சட்டம்

தாத்தாவுக்குப் பிறகு என் நைனா ஆரோக்கியம். அவர் காலத்தில் ஒவ்வொரு போகத்துக்கும் கர்ணம் வருவார். எந்தக் கழனியில் என்ன பயிர், யார் வைத்தது என்று எழுதுகிற புத்தகத்துக்கு அடங்கல் என்று பேர். கர்ணம் வரப்பில் குடை பிடித்து நின்று, “பயிர் யாருது?” என்பார். நைனா, “ஐயாவுதுங்க” என்பார். பேனா ஓடும். கர்ணம் போய் வி.ஏ.ஓ. வந்தார். கேள்வி மாறவில்லை, பதிலும் மாறவில்லை. வருஷா வருஷம் நாங்களே எங்கள் பேரை அடித்துவிட்டு வந்திருக்கிறோம், அதுவும் கும்பிட்டுக்கொண்டு.

யாரும் எங்களை மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. அது மரியாதை. நிலத்துக்காரர் இருக்கும்போது ‘என் பயிர்’ என்பது, பந்தியில் எச்சில் கையை நீட்டுவது மாதிரி எங்களுக்கு.

ஆனால் நைனா ஒரு சட்டம் வைத்திருந்தார். பயிர் நன்றாக வந்தால் அது ஐயா பயிர். பூச்சி விழுந்தால் அது ஆரோக்கியம் பயிர். கதிர் முற்றினால் ஐயா நெல். மழையில் சாய்ந்தால், “என் நெல்லு படுத்துகிச்சு.” எலி வளை போட்ட வரப்பு எங்களுடையது. அதே வரப்பில் முளைத்த துவரை ஐயாவுடையது.

ஒரு தடவை குத்தகை மூட்டையோடு என்னையும் மாம்பலம் கூட்டிப்போனார். பின்வாசல் பக்கம் நின்றோம். பெரிய ஐயா மூட்டைகளைப் பார்த்து, “என்ன ஆரோக்கியம், இந்த வருஷம் கம்மியா இருக்கு?” என்றார்.

“என் பயிருல பூச்சி வுழுந்துடுச்சுங்க” என்றார் நைனா. அடுத்த மூச்சிலேயே, “ஆனா ஐயா நெல்லு சோறு வடிச்சா மல்லிப்பூ கணக்கா கீதுங்க” என்றார்.

ஒரே கழனி. ஒரே மூட்டை.

மற்றவர்களுக்கு அப்பன் வீடு வைத்துவிட்டுப் போவான், மாடு வைத்துவிட்டுப் போவான். என் நைனா எனக்கு அந்த வாயை வைத்துவிட்டுப் போனார்.

எருமையிடம் ஒத்திகை

தாசில்தார் அம்மா மறுபடி வருவதற்கு இரண்டு மாதம் இருந்தது. நான் பழக ஆரம்பித்தேன்.

முதலில் எருமை. அது அசை போட்டுக்கொண்டிருந்தபோது முன்னால் நின்று, “என் பயிர்” என்றேன். அது என்னைப் பார்த்துவிட்டு மூத்திரம் பெய்தது. பிறகு மொபட்டில் போகும்போது ஹாரன் அடிப்பதற்குப் பதிலாக அதையே சொல்லிப் பார்த்தேன். தனியாக இருந்தால் வரும். எதிரில் யாராவது சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றால் வராது.

பிலோமினா காலையில் வீட்டு வாசலில் இட்லி போட்டு விற்பாள். கம்பெனியில் வேலை செய்கிற திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் ரூமிலிருந்து வந்து, ஷிப்ட் பஸ் வருவதற்குள் நின்றபடியே தின்பார்கள். ஒருவன் என்னைப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, தன்னால பேசிட்டு வாரிய? பேட்டரி கீட்டரி இறங்கிட்டா?” என்றான்.

“அவருக்கு ‘என்னுது’ன்ற வார்த்தை வாயில வரலப்பா” என்றாள் பிலோமினா. “எழவு, இட்லியக்கூட ‘ஐயா, ஒண்ணு எடுத்துக்கட்டுமா’ன்னு கேட்டுத்தான் துன்றாரு.”

“எங்க சூப்பர்வைசரைக் கூட்டியாந்து நிப்பாட்டுதேன் அக்கா. அவனுக்கு எல்லாமே ‘என்னுது’தான். நாங்க ஓ.டி. பார்த்து முடிச்ச வேலையும் அவம்தான் செஞ்சாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தண்ணீர் முதலில் பாய்கிற மேல்மடையில் பயிர் கரும்பச்சையாக, வரப்பு தெரியாமல் மூடி நின்றது. அவ்வளவு நல்ல பயிர் நான் வைத்ததே இல்லை. அவ்வளவு நல்ல பயிரை எப்படி என்னுடையது என்று சொல்வேன்?

ஒரு மூலை மட்டும் வேறு மாதிரி. களர் மூலை என்போம். தண்ணீர் வற்றினால் உப்புப் பூக்கும் இடம். அங்கே பயிர் பழுத்து, நுனி கருகி, சீக்குக் கோழி மாதிரி நின்றது.

தாசில்தார் அம்மா வரப்போகிற நாளுக்கு முந்தின நாள் இட்லித் தட்டு கழுவிக்கொண்டே பிலோமினா சொன்னாள்: “யோவ், நாளைக்கு அந்தம்மாவை நேரா களர் மூலைக்கு இட்டுகினு போ.”

“இன்னாமே, அந்த அசிங்கத்தையா காட்டுறது? நல்ல பயிரைக் காட்டுனாத்தானே மதிப்பா கீது?”

“நல்ல பயிருகிட்ட போனா நீ அவுட்டு. ஐயாவுது, கொய்யாவுதுன்னு ஆரம்பிச்சிடுவே. களர் மூலைலதான் ஒனக்கு வாய் தொறக்கும்.” தட்டை உதறினாள். தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. “கெட்டுப்போனது எல்லாம் நம்முதுன்னு சொல்ல ஒங்க குடும்பத்துக்குச் சொல்லித் தரணுமா இன்னா?”

எதிராளியை ஏற்றி வந்தவன்

மறுநாள் காலை செல்போன் அடித்தது. சின்ன ஐயா.

“அண்ணா, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்ல இறங்கிட்டேன். நம்ம நிலத்துக்கு எப்படி வரணும்? சின்ன வயசுல வந்தது. எல்லாம் மாறிப்போயிருக்கே.”

இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. “அங்கியே நில்லுங்க ஐயா, இதோ வந்துட்டேன்” என்று சொல்லி, மொபட்டை எடுத்துக்கொண்டு போய், டீ வாங்கிக் கொடுத்து, பின்னால் உட்கார வைத்து, குழி வந்த இடத்தில் எல்லாம் “பிடிச்சிக்குங்க” என்று சொல்லி, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவரைக் கழனிக்கே கொண்டு வந்து இறக்கினேன்.

கெட்டவர் இல்லை அவர். கம்ப்யூட்டர் வேலை. வழியெல்லாம், “தப்பா எடுத்துக்காதீங்க அண்ணா, வித்தாத்தான் அக்கா பங்கைப் பிரிச்சுக் குடுக்க முடியும்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிலோமினா எங்களைச் சேர்ந்து பார்த்ததும் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

தாசில்தார் அம்மா இந்தத் தடவை ஷூ போட்டு வந்திருந்தார்.

“இவர் யாருங்க உங்களுக்கு?” என்று சின்ன ஐயாவிடம் கேட்டார்.

“எங்க வேலை ஆள் மேடம். அப்பாதான் ஆள் வச்சுப் பயிர் பண்ணிட்டிருந்தார். அடங்கல்லயும் அப்பா பேர்தான் இருக்கு.”

“சரி. உங்க நிலத்துக்குக் கிழக்கு எல்லை எது?”

சின்ன ஐயா சுற்றிப் பார்த்தார். பிறகு சாவகாசமாக என் பக்கம் திரும்பி, “அண்ணா, எது?” என்றார்.

என் கை தானாக எழுந்தது. மூன்று தலைமுறைக் கை. நீட்டுவதற்குள் பிலோமினா அந்தக் கையில் தண்ணீர்ச் சொம்பைத் திணித்தாள். “மேடத்துக்குத் தண்ணி குடு” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. சொம்போடு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ஐயா வீட்டில் ஒருவர் கேட்டு, எங்கள் குடும்பத்தில் ஒருவன் பதில் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. சொம்புத் தண்ணீர் தளும்பித் தளும்பிப் பாதியானது.

தாசில்தார் அம்மா சொம்பைப் பார்த்தார்.

“மேடம், இப்படி வாங்க” என்றாள் பிலோமினா. “மொதல்ல இந்த மூலையைப் பாருங்க.”

களர் மூலை

“இங்க மட்டும் ஏன் இப்படி இருக்கு?” என்றார் அம்மா.

“ஐயோ, அது என் தப்புங்க” என்றேன்.

சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை, வந்துவிட்டது.

“என்ன தப்பு?”

“யூரியாவை ரெண்டு மடங்கு போட்டுட்டேங்க. மேல்மடை மாதிரி இதுவும் பச்சை கட்டட்டும்னு பேராசை. எரிஞ்சுபோச்சு. எங்க நைனா இருந்திருந்தா என்னை மண்வெட்டியாலயே போட்டிருப்பாரு. அவரு இங்க ரசாயனமே போட மாட்டாரு. ஆவாரந்தழை, வேப்பந்தழை, கொளிஞ்சி, எல்லாத்தையும் கட்டுக் கட்டாக் கொண்ணாந்து மிதிப்பாரு. கோடையில ஆட்டுக் கிடை போடுவாரு. அப்பவும் ஒரு வருஷம் வெளையும், ஒரு வருஷம் கைய விரிச்சிடும். எங்க தாத்தா இங்க நெல்லே வைக்கலீங்க, கேவுருதான். அந்த வாய்க்காலை மேற்கால திருப்புனதும் அவருதான். உப்பு கழுவிகினு போவட்டும்னு. இப்போ ரோடு போட்டு அந்த வாய்க்காலை அடைச்சிட்டாங்க, அதனால இன்னும் மோசம். நான் போன வருஷம் ஜிப்சம் போட்டேன். போட்டு ஒடனே தண்ணி வுட்டு வடிச்சிருக்கணும், வடிக்கல. அதுவும் என் தப்புதான். இந்த மூலையில எது கெட்டாலும் அதுக்கு நாந்தாங்க பொறுப்பு, வேற யாரையும் சொல்ல முடியாது.”

மூச்சு வாங்கினேன். அவ்வளவு நீளமாக நான் ஆபீசர் யாரிடமும் பேசியது கிடையாது. சின்ன ஐயா கருகின நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். வி.ஏ.ஓ. தம்பி பேனா மூடியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

“உங்க தாத்தா, அப்பா காலத்துலேருந்தே இதுக்கு நீங்கதான் பொறுப்பா?” என்றார் தாசில்தார் அம்மா.

“ஆமாங்க. நாங்கதாங்க.”

அந்த அம்மா மெதுவாகத் திரும்பினார். மேல்மடையில் காற்று இறங்கியது. பச்சை, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அதைக் காட்டி அவர் கேட்டார்:

“அப்ப அது?”

பிலோமினாவின் திட்டம் களர் மூலை வரைக்கும்தான். இதற்கு மேல் அவள் கையிலும் சொம்பு இல்லை. வாய்க்குள் ‘ஐ’ வந்து உட்கார்ந்துவிட்டது. பல்லுக்குப் பின்னால் அது நிற்பது எனக்குத் தெரிந்தது. தாத்தாவின் கொப்புளம் ஞாபகம் வந்தது, மாம்பலத்துப் பின்வாசல் ஞாபகம் வந்தது என்றெல்லாம் சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் ஞாபகம் வந்தது அந்தப் பயிருக்கு நான் களை எடுத்த அன்று முள் குத்திப் பழுத்த கட்டைவிரல்தான். இன்னும் வலித்தது.

“அதுவும் என்னுதுதாங்க” என்றேன்.

குரல் தவளை மாதிரி வந்தது.

“கேக்கல” என்றார் அம்மா.

“அதுவும் என்னுதுதான். நான் வச்ச பயிர்.”

அவர் சின்ன ஐயாவைப் பார்த்தார். சின்ன ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிழக்கு எல்லை இன்னும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. “அண்ணாதான் வச்சார் மேடம்” என்றார் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு.

“பதிவேடு விசாரணை முடிய நாளாகும்” என்றார் அம்மா என்னிடம். “ஆனா இந்தப் போகத்து அடங்கல்ல, பயிர் வச்சவர்ன்ற இடத்துல, இப்பவே உங்க பேரை எழுதச் சொல்றேன்.”

வி.ஏ.ஓ. தம்பி என் முதுகின் மேல் புத்தகத்தை வைத்துத்தான் எழுதினார். வேறு மேஜை ஏது? நாற்று முடி விழுந்த அதே இடத்தில் பேனா ஊர்வது தெரிந்தது. எனக்குப் படிக்க வராவிட்டாலும் அந்த எழுத்தைத் தோலில் உணர்ந்தேன். பதிவேட்டில் பேர் ஏறுவதற்கு இன்னும் இரண்டு அறுவடை ஆனது, மூன்று ஜோடிச் செருப்பு தேய்ந்தது. ஏறியது.

சின்ன ஐயாவை நான்தான் திரும்பவும் மொபட்டில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டேன். வந்தவரை நடக்கவா விடுவது? மெயின் ரோட்டுக்கு ஏறுகிற இடத்தில் ஷிப்ட் பஸ் ஒன்று நின்றது. ஜன்னலில் அந்தத் திருநெல்வேலிப் பிள்ளை. வண்டியை அவன் பக்கம் ஒடித்து நிறுத்தினேன். சின்ன ஐயா கீழே விழாமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

இந்தத் தடவை யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே கழனிப் பக்கம் கையை நீட்டிக் கத்தினேன்:

“தம்பி, பார்த்துக்கோ! அந்தப் பச்சை என்னுது!”